காலி பண்ண வேண்டியதுதானே?

பொங்கலுக்குத் திருச்சியில் அப்பா வீட்டில் கூடியிருந்தோம். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் பேய்ப் படம் பார்த்தே தீர வேண்டும் என்று பிள்ளைகள் ஒரே பிடிவாதம். விளக்கை அணைத்துவிட்டு ஏதோ ஒன்றைப் போட்டேன். படத்தின் பெயர் வேண்டாம், அது எந்தப் படமாகவும் இருந்திருக்கலாம். புதுக் குடித்தனம், பூட்டிக் கிடக்கும் மாடி அறை, ஆள் இல்லாமல் ஆடும் ஊஞ்சல், நடுச்சாமத்தில் அலறி எழும் குழந்தை. அரை மணி நேரம் பொறுத்துப் பார்த்த அத்தை, வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே கேட்டார்: "இவ்வளவு நடக்குது, வீட்டைக் காலி பண்ணிட்டுப் போக வேண்டியதுதானே? எதுக்கு அங்கேயே உக்காந்து கத்திக்கிட்டுக் கிடக்குதுங்க?" எல்லாரும் சிரித்தோம். பேய்ப் படம் ஓடும் எந்தத் தியேட்டரிலும் யாராவது ஒருவர் இதைக் கேட்டுவிடுவார், கேட்டதும் பேய் பாதி செத்துவிடும். சிரிப்பு அடங்குகிற நேரத்தில், ஈசிசேரில் கண்ணை மூடிப் படுத்திருந்த அப்பா, கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "அட்வான்ஸை யாரு திருப்பிக் குடுப்பா?"

அதற்கும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. இருபது வருஷமாகப் பேய்ப் படம் பார்க்கிறேன். ஜப்பான், கொரியா, ஸ்பெயின் என்று தேடிப் பிடித்துப் பார்த்துவிட்டு, எது நல்ல பேய்ப் படம் என்று நண்பர்களிடம் மணிக்கணக்கில் பேசியிருக்கிறேன். அப்பாவோ சினிமாவைப் பற்றி வாயே திறக்காத மனிதர். அவர் போகிற போக்கில் சொன்ன நான்கு வார்த்தையில் என் இருபது வருஷப் பேச்சும் அடங்கிப் போனது மாதிரி இருந்தது. ஊருக்குத் திரும்பிய பிறகும் அது விடவில்லை. பிடித்த படங்களை ஒவ்வொன்றாக எடுத்து அந்தக் கேள்வியை வைத்துப் பார்த்தேன். இவர்கள் ஏன் காலி செய்யவில்லை? பதில் இருக்கிற படமெல்லாம் இன்னும் பயமுறுத்துகிறது. பதில் இல்லாத படம் எவ்வளவு சத்தம் போட்டாலும் ஒன்றும் ஆகவில்லை.

2009இல் 'யாவரும் நலம்' வந்தபோது நான் கல்லூரியில் இருந்தேன். விக்ரம் குமார் இயக்கம், பி.சி.ஸ்ரீராம் ஒளிப்பதிவு, மாதவன். அப்போது எங்களுக்கு அந்தத் தொலைக்காட்சித் தொடர் விஷயம்தான் பெரிதாகத் தெரிந்தது. வீட்டில் நடப்பதெல்லாம் மத்தியான சீரியலில் அப்படியே வருகிறது, அடடா, என்ன ஐடியா என்று பேசிக்கொண்டே வந்தோம். போன மாதம் மறுபடி பார்த்தபோது வேறு ஒன்று கண்ணில் பட்டது. அது கடன் வாங்கி வாங்கிய அடுக்குமாடி வீடு. புதிதாகக் குடியேறிய கூட்டுக் குடும்பம், எல்லாருக்கும் சந்தோஷம். கதாநாயகனுக்கு மட்டும் ஒவ்வொன்றாகக் கண்ணில் படுகிறது: அவர் தனியாக ஏறினால் லிஃப்ட் நகராது. தினமும் பால் திரிந்து போகும். பூஜை அறைச் சுவரில் ஆணி இறங்காது. அந்த வீட்டில் எடுத்த அவர் படம் செல்போனில் கோணலாக விழும். இதில் எதையும் பேய் என்று யாரும் சொல்லிவிட முடியாது. லிஃப்டுக்கு மெக்கானிக், பாலுக்குப் பால்காரர், ஆணிக்குத் தச்சர் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆள் இருக்கிறார். புது ஃப்ளாட் வாங்கிய எவரும் முதல் ஆறு மாதம் இப்படித்தான் இருப்பார். சுவரில் ஒரு கீறல் தெரிந்தால், 'இது பெயின்ட்ல வந்த கீறல்தான்' என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்வார். சொல்லிக்கொள்ளாமல் என்ன செய்ய? பத்திரம் முடிந்துவிட்டது, மாதத் தவணை ஆரம்பித்துவிட்டது. அந்தப் படத்தின் பயம் முழுக்க அந்தச் சமாதானத்தில் இருக்கிறது. பின்பாதியில் பழைய கொலைகளும் துப்பறிதலும் வந்ததும் எனக்குச் சுவாரசியம் கூடியதே தவிர, பயம் குறைந்துவிட்டது.

2015இல் வந்த 'டிமான்ட்டி காலனி'யும் அப்படித்தான். அஜய் ஞானமுத்துவின் முதல் படம். ஆழ்வார்ப்பேட்டையில் நிஜமாகவே அந்தப் பெயரில் பாழடைந்த பங்களாக்கள் நின்ற ஒரு காலனி உண்டு. ஜான் டி மான்ட்டி என்ற போர்த்துகீசிய வணிகரின் பெயர் அது. படத்தில் நண்பர்கள் அந்தப் பங்களாவுக்குப் போய் வரும் பகுதியைத்தான் எல்லாரும் சொல்வார்கள். என்னைக் கேட்டால், படம் பயமுறுத்த ஆரம்பிப்பது அவர்கள் தங்கள் அறைக்குத் திரும்பி வந்த பிறகுதான். நான்கு பேர் தங்கும் ஒரே அறை. கொடியில் காயும் பனியன், தரையில் பாய், மூலையில் டிவி. கதவு திறக்கவில்லை. அந்த அறையில் குடியிருந்திருக்கிறேன். அதே அறை இல்லை, ஆனால் அதேதான். சைதாப்பேட்டையில் நாங்கள் மூன்று பேர். மழை பெய்தால் சுவரில் கை வைக்க முடியாது, ஷாக் அடிக்கும். வீட்டுக்காரரிடம் சொன்னால் 'அந்தப் பக்கம் கை வைக்காதீங்க' என்பார். பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கொடுத்திருந்தோம். அதை மூன்று தவணையாக ஊரிலிருந்து அனுப்பிய அப்பாவுக்கு இந்தச் சுவர் விஷயம் இன்றைக்கு வரைக்கும் தெரியாது.

அரண்மனை யாருக்கு?

இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும்: நம் பேய்கள் அரண்மனைக்குக் குடிபோன அன்றைக்கே அவற்றின் மேல் எனக்கு இருந்த மரியாதை போய்விட்டது. 'சந்திரமுகி'யை விட்டுவிடுகிறேன். அது பேய்ப் படமும் இல்லை. ஊரே வேண்டாம் என்று சொல்லியும் வேட்டையபுரம் அரண்மனையைக் காசு கொடுத்து வாங்கிய பணக்காரக் குடும்பத்தின் கதை அது. ஜோதிகாவுக்காக இன்னும் பத்து தடவை பார்ப்பேன். என் பிரச்சினை அதற்கப்புறம் வரிசை கட்டியவை. 2014இல் 'அரண்மனை' வந்தது, 2024இல் நான்காம் பாகமே வந்துவிட்டது. அந்த அரண்மனைகளில் இருக்கிற யாருக்கும் போக வேறு இடம் இல்லை என்று என்னால் நம்ப முடியவில்லை. வாசலில் மூன்று கார் நிற்கிறது. ஏறிக் கிளம்பினால் கதை முடிந்தது. அதனால்தான் நடுவில் காமெடி தேவைப்படுகிறது என்று நினைக்கிறேன். யாரும் அந்தக் கேள்வியைக் கேட்டுவிடாமல் சிரிக்க வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். என் அக்கா மகள் அந்தப் படங்களை வரி வரியாக ஒப்பிப்பாள். அவள் சிரிப்பதைப் பார்க்க எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் படம் முடிந்ததும் தனியாகப் பாத்ரூமுக்குப் போய்விட்டு வருகிறாள். பேய்ப் படம் பார்த்த குழந்தை அப்படிப் போகக் கூடாது.

'காஞ்சனா'வைப் பற்றி மட்டும் என் கருத்து மாறியிருக்கிறது. 2011இல் அதை வெறும் கூச்சல் என்று ஒதுக்கினேன். இப்போது யோசித்தால், பேயாக வரும் அந்தத் திருநங்கையின் வழக்கு என்ன? வளர்த்த மகள் ஆஸ்பத்திரி கட்டுவதற்காக வாங்கிய நிலத்தை எம்.எல்.ஏ. பறித்துக்கொண்டு, அவரைக் கொன்று புதைத்துவிட்டான். சரத்குமார் அந்தத் திருநங்கையாக வரும் இருபது நிமிடத்தில் பேயே கிடையாது. வீட்டை விட்டுத் துரத்தப்பட்ட ஒருவர், தான் வளர்த்த பெண்ணுக்காகப் பைசா பைசாவாகச் சேர்ப்பதுதான் இருக்கிறது. கணக்குப் பார்த்தால் நம் ஊர்ப் பேய்களில் பாதி, பட்டா கேஸில் தோற்றவைதான். கோர்ட்டில் தீராததைச் செத்த பிறகு தீர்க்க வருகின்றன.

வெளிநாட்டிலிருந்து ஒன்றே ஒன்று சொல்ல வேண்டும் என்றால் 2002இல் ஹிடியோ நகாட்டா எடுத்த 'டார்க் வாட்டர்'. விவாகரத்து வழக்கு நடக்கிறது, ஆறு வயதுகூட நிரம்பாத மகளைத் தன்னிடமே வைத்துக்கொள்ளப் போராடும் ஒரு தாய், மலிவாகக் கிடைத்த பழைய அடுக்குமாடி. மேல்தளத்திலிருந்து கூரை ஒழுகுகிறது. முதலில் ஒரு சின்னக் கறை, அப்புறம் சொட்டு, அப்புறம் கீழே வாளி. பராமரிப்பு ஆளிடம் சொன்னால் எழுதிக்கொள்கிறார், அவ்வளவுதான். அவள் காலி செய்யத்தான் நினைக்கிறாள். இந்த நேரத்தில் வீடு மாறினால் கோர்ட்டில் அது அவளுக்கு எதிராகப் போகும். எங்கள் அத்தையின் கேள்விக்கு உலக சினிமாவில் இதைவிடத் துல்லியமான பதில் கிடையாது. அந்தக் கூரைக் கறை பெரிதாகப் பெரிதாக என் வயிறு கலங்கியது. கடைசியில் வரும் பேய்க் குழந்தைகூட அவ்வளவு செய்யவில்லை.

சட்டை

இப்போது எங்கள் வீட்டுக்கு வருகிறேன். அப்பா திருவெறும்பூர் பக்கம் ஒரு பட்டறையில் வேலை பார்த்தார். தொண்ணூறுகளின் நடுவில் மூன்றே கால் சென்ட் மனை வாங்கி, கடைக்கால் தோண்டி, வேலை ஆரம்பித்தார். லிண்டல் மட்டம் வரை சுவர் எழும்பியது. அதோடு நின்றது. மேஸ்திரி கம்பிக்கும் சென்ட்ரிங்குக்கும் என்று வாங்கிய பணத்தோடு போனவர் போனவர்தான். நான்கு வருஷம் அந்தச் சுவர் அப்படியே நின்றது. திருஷ்டிக்காக முன்பக்கம் ஒரு பொம்மை கட்டியிருந்தார்கள். வைக்கோல் அடைத்த பேன்ட் சட்டை, தலைக்கு மண்சட்டி, சட்டியில் சுண்ணாம்பால் வரைந்த பல்லும் முட்டைக் கண்ணும். சட்டை அப்பாவுடையது. நீலத்தில் வெள்ளைக் கட்டம் போட்டது, பாக்கெட்டில் பேனா மை ஒழுகிய கறையோடு. பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் அந்த வழியாகத்தான் போக வேண்டும். சாயங்காலம் திரும்பும்போது மட்டும் அந்த இடத்தில் தலையைக் குனிந்துகொண்டு வேகமாக மிதிப்பேன். காற்றில் அது திரும்பும். அப்பாவின் சட்டை, அப்பா இல்லாத முகத்தோடு என்னைத் திரும்பிப் பார்க்கும். இன்றைக்கு வரைக்கும் எந்த இயக்குநரும் அதற்கு இணையாக ஒரு பேயை எனக்குக் காட்டியதில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா அங்கே போவார். ஒரு வேலையும் நடக்காத இடத்துக்கு எதற்குப் போகிறார் என்று எனக்குப் புரியாது. ஒருநாள் கூட்டிப் போனார். ஒரு டப்பாவில் சிமெண்டைத் தண்ணீர் மாதிரிக் கரைத்து, பழைய பிரஷ்ஷால், தூண்களிலிருந்து மேலே நீட்டிக்கொண்டிருந்த கம்பிகளுக்குப் பூசினார். துரு ஏறாமல் இருக்க. ஒவ்வொரு கம்பியாக, குழந்தைக்கு மருந்து தடவுகிற மாதிரி. பூசி முடித்ததும் நடுவில் ஹால் வர வேண்டிய இடத்தில் கொஞ்ச நேரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். வெயில் நேராகத் தலையில் அடித்தது, கூரைதான் இல்லையே.

இதெல்லாம் எனக்கு மறந்தே போயிருந்தது. 2021 ஊரடங்கில் நான் திருச்சியிலேயே தங்க வேண்டி வந்தது. அப்பாவுக்கு ஒரு நல்ல படம் காட்டலாம் என்று (அந்த 'நல்ல படம்' என்பதில் எனக்கு இருந்த திமிரை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது) பாலு மகேந்திராவின் 'வீடு' போட்டேன். 1988. தேசிய விருது வாங்கிய படம், அர்ச்சனாவுக்கும் விருது, பாட்டே கிடையாது, இளையராஜா தன்னுடைய 'ஹவ் டு நேம் இட்' இசையையே பின்னணிக்குக் கொடுத்தார் என்றெல்லாம் முன்னுரை வேறு. அப்பா ஒன்றும் சொல்லாமல் பார்த்தார். வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்கிறார்கள். வேறு வீடு கிடைக்காமல், இருக்கிற நிலத்தில் கட்டிவிடலாம் என்று ஆரம்பிக்கிறாள் அர்ச்சனா. அனுமதிக்கு அலைச்சல், லஞ்சம், மழை, கடன். நான் ஒளியமைப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டுமான இடத்திலிருந்து சிமெண்ட் மூட்டை திருட்டுத்தனமாகக் கிளம்பும் விஷயம் வந்ததும் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். கால் கட்டைவிரல் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. அப்புறம் சொக்கலிங்க பாகவதர், அந்தத் தாத்தா, பாதி கட்டிய வீட்டைப் பார்க்கக் கிளம்பி வருகிறார். சுவர் சுவராகப் பார்க்கிறார். முகத்தில் ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பு வந்த உடனே அப்பா எழுந்துவிட்டார். "மோட்டார் ஓடுது, டேங்க் ரொம்பியிருக்கும்" என்றபடி வெளியே போனார்.

மோட்டார் ஓடவில்லை. படம் முடிகிற வரைக்கும் அவர் திரும்பவும் இல்லை. கடைசியில் வேலை ஓரளவு நிறைவுக்கு வந்த நேரத்தில், இந்த நிலம் குடிநீர் வாரியத்துக்காகக் கையகப்படுத்தப்பட்டது என்று ஒருவர் வந்து சொல்லும் கட்டத்தை நான் தனியாகப் பார்த்தேன். அதில் இருட்டு இல்லை. திடீர்ச் சத்தம் இல்லை. நல்ல பகல் வெளிச்சத்தில், தன் வேலையைச் செய்யும் ஒரு சாதாரண மனிதர். எனக்கு முதுகுத்தண்டு சில்லிட்டது. அதற்கு முன் இரண்டு தடவை அந்தப் படத்தைப் பார்த்து, யதார்த்தவாதம் என்று என் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

மாடிக்குப் போனேன். அப்பா தண்ணீர்த் தொட்டி நிழலில் நின்றிருந்தார். "என்னப்பா, புடிக்கலையா?" என்றேன். "பாத்த படம்தான்" என்றார். டி.வி.யில் போட்டபோது பார்த்திருக்கிறார், நம் வீடு பாதியில் நின்ற நாட்களில். "அந்த மூட்டையைத் தூக்குறான்ல, அங்கேயே எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு. அந்தப் பெரியவர் வேற சிரிச்சிக்கிட்டே வர்றாரு." கொஞ்சம் பொறுத்து, "அவரு வீடு போய்ச் சேர மாட்டாருடா" என்றார். எனக்கும் தெரிந்த கதைதான். ஆனால் அவர் சொன்ன விதம், மாடி அறைக்குப் போகாதே என்று திரையைப் பார்த்துக் குழந்தைகள் கத்துவார்களே, அந்த மாதிரி இருந்தது. கத்த மட்டும் இல்லை.

அன்றைக்குத்தான் என் அலமாரியில் ஒரு தட்டு இடம் மாறியது. அதுவரை பேய்ப் படம் ஒரு பக்கம், குடும்பக் கதை ஒரு பக்கம் என்று வைத்திருந்தேன். பேய்ப் படம் என்றால் எனக்கு, குடும்பக் கதை என்றால் அம்மாவுக்கு. எப்போது எது வந்து விழும் என்று தெரியாமல் ஒரு வீட்டுக்குள் உட்கார்ந்திருப்பதுதான் பேய்ப் படம் என்றால், அப்பாவுக்கு 'வீடு' அதில்தான் சேர்த்தி. அவர் அதை டி.வி.யில் பார்த்தபோது அடுத்த காட்சி என்ன என்று படத்திலும் தெரியாது, திருவெறும்பூரிலும் தெரியாது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் என்னைத் தப்பாக எடுத்துக்கொள்வீர்கள். பேய் என்றால் துக்கத்தின் குறியீடு, அரக்கன் என்றால் மன அழுத்தத்தின் குறியீடு என்று இப்போது ஒரு பாஷை புழங்குகிறது. படம் எடுப்பவர்களே அதைப் படித்துவிட்டு எடுக்கிறார்கள். எனக்கு அலுப்பாக இருக்கிறது. வீட்டுக் கடன்தான் பேய் என்றால் நேராக பேங்க் ஸ்டேட்மென்டைப் பார்த்துவிட்டுப் போகிறேன். பேய் பேயாகவே இருக்கட்டும். அது நிற்கிற தரை மட்டும் நிஜமாக இருக்க வேண்டும். மிஷ்கினின் 'பிசாசு'வில் அந்தப் பெண் நிஜமாகவே செத்துப்போன பெண்தான், யாருடைய கற்பனையும் இல்லை. மகளின் உடலைப் பனிக்கட்டிக்குள் பாதுகாத்து வைத்திருக்கும் அப்பாவாக ராதாரவி வருகிறார். பேயாக வந்த மகளிடம் அவர் கெஞ்சும்போது தியேட்டரில் எனக்கு முன்வரிசைக்காரர் மூக்கை உறிஞ்சினார். ராகுல் சதாசிவனின் மலையாளப் படம் 'பூதகாலம்', 2022இல் வந்தது. ரேவதி, ஷேன் நிகம், வேலை கிடைக்காத மகன், மருந்து சாப்பிடும் அம்மா, ஒரு வீடு. ஒருவர் சொல்வதை இன்னொருவர் நம்புவதற்கே முக்கால் படம் ஆகிறது. அதுவரை இரண்டு பேரும் தனித்தனியாகப் பயப்படுகிறார்கள். கடைசியில் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு அந்த வீட்டை விட்டு வெளியே வருவதுதான் உச்சக்காட்சி. காலி செய்வதையே உச்சக்காட்சியாக வைத்த அந்தப் படத்தை அத்தைக்குப் போட்டுக் காட்ட வேண்டும்.

எங்கள் வீடு 2000த்தில் ஒருவழியாக முடிந்தது. அம்மாவின் வளையல் போயிற்று, பெரியப்பாவிடம் வாங்கிய கடன் வெகுநாள் இழுத்தது. கிரகப்பிரவேசத்துக்கு முன்தினம் பொம்மையை இறக்கினார்கள். சட்டி உடைந்தது, வைக்கோலைக் கொளுத்தினார்கள். சட்டையை எரிக்க அம்மா விடவில்லை. 'துணி நல்லாத்தானே இருக்கு' என்று துவைத்துக் காயப்போட்டார். நான்கு வருஷ வெயிலில் கட்டமெல்லாம் வெளுத்து, மைக்கறை மட்டும் அப்படியே இருந்தது. ரொம்ப நாள் அது வண்டி துடைக்கும் துணியாக ஸ்கூட்டர் பெட்டியில் கிடந்தது. அப்பா வண்டி துடைக்கும்போது நான் அந்தப் பக்கம் போக மாட்டேன்.

நானும் இப்போது சென்னையில் ஒரு ஃப்ளாட் வாங்கிவிட்டேன், புறநகரில், இருபது வருஷக் கடனில். போன வாரம் பாத்ரூம் கூரையில் ஒரு கறை தெரிந்தது. உள்ளங்கை அளவுதான், ஓரம் பழுப்பாக. இரண்டு நாளில் சாப்பாட்டுத் தட்டு அளவு ஆகிவிட்டது. மேல் வீட்டில் போய்க் கேட்டால் அவர்கள் பாத்ரூமில் ஒரு கசிவும் இல்லையாம். ராத்திரி பல் தேய்க்கும்போது நிமிர்ந்து பார்ப்பதில்லை என்று வைத்திருக்கிறேன், ஆனாலும் கண் போகிறது. நேற்று மனைவி பின்னால் வந்து நின்று கொஞ்ச நேரம் அதைப் பார்த்துவிட்டு, "காலி பண்ணிடலாமா?" என்று கேட்டாள். விளையாட்டுக்குத்தான். இன்னும் 214 தவணை பாக்கி. பிளம்பர் சனிக்கிழமை வருகிறேன் என்றிருக்கிறார்.